கிணற்றுப் புறாவுக்கு வலை விரித்த சாயங்காலம்

என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோன பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் டாக்டர்களாகிவிட்டார்கள். ஒருத்தி ஏதோ தைலம் சொன்னாள். ஒருத்தர் மேல்சித்தாமூர் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். சொல்பவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டி, மறுபடி படுக்கவைப்பது நான்தானே.

கை கால் விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பேச்சு போனதுதான் என்னைத் தின்றது. வாய் ஓயாத மனுஷன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பசிக்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா, ஒன்றும் தெரியாது. கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். "பேச்சு வந்தாலும் வரும்மா, நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார்கள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். நானும் பேசினேன். சுவரோடு எவ்வளவு நாள்தான் பேசுவது? எனக்கே என் குரல் சலித்துப்போனது.

அப்போதுதான் என் கொழுந்தனார் வந்து புறா வைத்தியத்தைச் சொன்னார். "அண்ணி, இங்கிலீஷ் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். வாதத்துக்குப் புறாக்கறிதான். வளப்புப் புறா ஆவாது, கெணத்துப் புறாவா இருக்கணும், அதுக்குத்தான் சூடு ஜாஸ்தி. சூப்பு வச்சுக் குடு. அண்ணன் பழையபடி என்னத் திட்டுதா இல்லியான்னு பாரு."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சரி என்றேன்.

புறாவுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. மலைமேல் இருக்கும் பழைய கோட்டையில் பாதி என்றால் கழனிக் கிணறுகளில் பாதி. பகலெல்லாம் களத்தில் காயும் நெல்லையும் உளுந்தையும் தின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கில் போய் அடங்கிவிடும். தண்ணீருக்கு போர்வெல் போட்ட பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் யாரும் இறங்குவதில்லை. அது முழுக்க அவற்றுக்கே ஆகிவிட்டது.

புறா பிடிப்பதில் என் வீட்டுக்காரரை அடிக்க ஆளில்லை. புறா அடங்கியதும் கிணற்றின் வாயில் வலையை இழுத்து விரிப்பார். சுற்றிலும் பாரத்துக்குக் கல் வைப்பார். பிறகு உள்ளே ஒரு கல்லை எறிவார். படபடவென்று எழும்புகிற புறாக்கள் வலையில் மாட்டிக்கொள்ளும். கிணற்றில் ஒரு பக்கம் இறங்கப் படி உண்டு, அங்கே மட்டும் வலை படியாது. அந்த இடத்தில் சாக்குப் படுதாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அதே வேலைதான்.

படுதா கொஞ்சம் சாய்ந்து ஒரு புறா தப்பினாலும் போச்சு. "முண்டம்! கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?" என்று அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். புறாவுக்கு மட்டுமா? குழம்பில் உப்பு குறைந்தால் முண்டம். ரேஷன் கடையில் நேரமானால் முண்டம். அந்த வார்த்தை தாங்காமல் ஒருமுறை அனந்தபுரத்தில் என் அம்மா வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். அழைத்துப்போக வந்த மனுஷன் வாசலில் நின்று, "வாடி முண்டம், பஸ் போயிடும்" என்றார். என் அம்மாவே சிரித்துவிட்டாள். எனக்கு எரிந்தது.

புறா பிடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்த சாயங்காலம் கொழுந்தனார் வரவில்லை, போன்தான் வந்தது. "லோடு ஏத்திக்கினு இருக்கேன் அண்ணி. டென்ஷன் ஆவாத, நாளைக்குப் பாத்துக்கலாம்." நாளைக்காம்! மோட்டார் கொட்டகையில் கிடந்த வலையை உதறிச் சிக்கெடுத்து வைத்தாயிற்று. அவரைத் தனியாக விட முடியாது என்று சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தும் ஆயிற்று. எனக்கு வீம்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்க்காததா, நானே செய்கிறேன் என்று இறங்கினேன்.

ஒருத்தியாக வலை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் நழுவும். கல் தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுவிட்டது. நடுவில் அவர் இடது கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, "இரு, வரேன்" என்றேன். கடைசிக் கல்லை வைத்து முடித்து, இன்னொரு கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் எறிந்தேன்.

அத்தனை புறாவும் படி வழியாக வெளியே வந்தன. என் தலையை உரசிக்கொண்டு கோட்டை மலைப் பக்கம் போய்விட்டன. வலையில் ஓர் இறகுகூட இல்லை. படிப்பக்கம் யாரும் நிற்கவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அங்கே நிற்பவள் நான். நான்தான் அன்றைக்கு வலைப்பக்கம் இருந்தேனே.

"முண்டம்!"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். கோணிய வாயில் எச்சில் வழிய, முகம் சிவக்க, இடது கையைப் படிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா சொன்ன? இன்னொருவாட்டி சொல்லுய்யா!"

"முண்டம்!"

ஓடிப்போய் அவர் மடியில் தலையை வைத்து, ஓவென்று அழுதேன். அவர் என் தலைக்கு மேலேயே இன்னும் ரெண்டு தரம் சொன்னார்.

புறாக்கறியில்தான் பேச்சு வந்தது என்று கொழுந்தனார் ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். நான் மறுத்துப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள்? இப்போது வாதக்காரர் வீட்டு ஆட்கள் எங்கள் கிணற்றைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். "தாராளமா புடிச்சிக்கங்க. படிப்பக்கம் மட்டும் ஒரு ஆள நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்புகிறேன்.

வந்தது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் முண்டம், கால் இழுத்தாலும் முண்டம். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் முதல் நாள் முகம் சுண்டிப்போனாள். "உன்ன இல்லம்மா, தண்ணி கேக்கறார்" என்றேன். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். வேறு வார்த்தை வருமா என்று டாக்டரைக் கேட்டால், பார்க்கலாம் என்கிறார். சில நாட்கள் அதுவும் வராது. விட்டத்தைப் பார்க்கிற பழைய பார்வை வந்துவிடும். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

இன்று காலையிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. டீ கொடுத்தேன், குடித்தார். பேசிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டார். துடைத்துவிட்டு, தையல் வெளியே தெரியச் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பொத்தானை மாட்டினேன். மாட்டிவிட்டு, எதிரில் போய் நின்றுகொண்டேன். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். தோளில் துருத்திய தையலை இடது கையால் தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முண்டம்."

"ஆமாய்யா" என்று சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டேன்.