கணேசன் குடித்திருக்கவில்லை

ஐயா, அம்மா, இதை வாசிப்பவர் எவராயினும் என் வணக்கம். மின்கம்பத்திலிருந்து விழுந்த கணேசன் அன்று ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அவரைத் தாக்கிய மின்சாரம் என் வீட்டிலிருந்து போனது. அவரைக் குடிகாரர் ஆக்கிய வார்த்தை என் வாயிலிருந்து போனது.

இரண்டையும் அறிந்தே இத்தனை ஆண்டுகள் வாய் மூடியிருந்தேன்!

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் என்னை எஞ்சின் மாஸ்டர் என்பார்கள். நான் எந்தக் கல்லூரியிலும் பயின்றவனல்லன். யுத்த காலத்தில், கம்பங்கள் நின்றும் கம்பிகளில் உயிரில்லாத ஆண்டுகளில், ஒரு துளி பெற்றோலைக் காட்டி மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டக் கற்றவன். அந்தக் கல்வியில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. மின்சாரம் என் எஞ்சினில் பிறந்து என் வீட்டு விளக்கில் முடிவது என்றே எண்ணியிருந்தேன். வெளியே போகும் கம்பி செத்த கம்பி. அதன் மறுமுனையில் ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்று அந்த ஆண்டுகள் எனக்குச் சொல்லித் தரவில்லை...

இதைச் சாட்டாகச் சொல்கிறேனோ? இல்லை! பின்னர் ஊருக்கு மின்சாரம் வந்தது. புதிதாகக் கற்க வேண்டிய காலமும் வந்தது. மாஸ்டர் என்ற பெயர் வாங்கியவனுக்கோ கற்பதற்கு வெட்கமாயிருந்தது.

அன்று எங்கள் ஆலயத் திருநாள். பூசை முடிந்து வீடு நிறைய விருந்தினர். சாப்பாடு பரிமாறும் நேரத்தில், சோளகக் காற்று ஒரு பனைமட்டையை முறித்துக் கம்பியின்மேல் போட்டது. எங்களது தெருவின் கடைசி வீடு. எங்கள் வாசற் கம்பத்தடியிலேயே கம்பி அறுந்தது. விசிறிகள் நின்றன. கனடாவிலுள்ள மகன் வாங்கித் தந்த ஜெனரேற்றர் தானாகவே உறுமத் தொடங்கியது. ஆயினும் வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை.

பழுது மாற்றுச் சுவிச்சில். சேஞ்சோவர் என்பார்களே, அதுதான். ஊர் மின்சாரத்துக்கும் வீட்டு எஞ்சினுக்கும் நடுவில் நிற்கும் காவற்காரன் அது. ஒரு கதவைப் பூட்டாமல் மற்றக் கதவைத் திறக்காது. அன்று அது ஊர்ப் பக்கக் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டது.

அப்போதுதான் அறுந்த கம்பியைத் திருத்த மின்சார சபைக் கந்தோரிலிருந்து கணேசன் வந்தார். கட்டுக்கரைப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தவர். திருநாள் வீடாயிற்றே என்று என் கையாலேயே ஒரு கிளாஸ் சாராயம் நீட்டினேன்.

"வேலை நேரம் ஐயா. சாராயம் வேண்டாம், சோடா காணும்" என்றார்.

சோடாவைக் குடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். "உது லைனுக்கு அடிக்காதே ஐயா?"

"சேஞ்சோவர் இருக்குத் தம்பி. பயப்பிடாமல் ஏறுங்கோ."

அவர் கேட்டார், நான் வாக்குக் கொடுத்தேன். ஏறிக் கம்பியைச் சோதித்தார், உயிரில்லை. அந்த நேரத்தில் அது உண்மை!

உள்ளே என் மனைவியின் தமையன் மரியதாஸ் கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "மச்சான், உங்கட எஞ்சின் நல்லாத்தான் பாடுது. காத்து மட்டும் இந்த மட்டையில இருந்துதான் வருது."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான், ஐயா! நோயாளி எவரும் இல்லை. குழந்தை எதுவும் அழவில்லை. ஒரு சிரிப்பு... அவ்வளவே!

இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரொன்று பழைய காலத்திலிருந்தே என்னிடம் இருந்தது. ஒரு முனையை ஜெனரேற்றரிலும் மறுமுனையைக் கிணற்று மோட்டரின் பிளக் பொயின்ற்றிலும் செருகினேன். மெயின் சுவிச்சை அணைக்கவில்லை. விசிறிகள் சுழன்றன, சபை கைதட்டியது. அதே மின்சாரம் வீட்டைக் கடந்து, திறந்து நின்ற ஊர்ப் பக்கக் கதவால் வெளியேறிக் கம்பத்துக்குப் போனது.

கைதட்டல் ஓயுமுன்பே வாசலில் விழுந்த சத்தம் கேட்டது.

நான் முதலில் வயரைக் கழற்றினேன். அவரைக் காக்கவா, என்னைக் காக்கவா? பல காலம் இதை எனக்குள் வழக்காடினேன். என்ன வழக்கு வேண்டிக் கிடக்கிறது! கழற்றிய வயரைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகே வாசலுக்கு ஓடினேன்.

கணேசன் பிழைத்தார். வலக்கை விரல்கள் கருகி மடங்கிப் போயின.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவர், எஞ்சினிலிருந்தே மின்சாரம் வந்தது என்று சொல்லியிருந்தார். நான் சேஞ்சோவர் பெட்டியைக் காட்டினேன். மாஸ்டர் வீட்டில் பிழை இருக்குமா? அதிகாரி நம்பித் தலையசைத்தார். அந்த ஆள் அன்று குடித்திருந்தாரா என்று கேட்டார்.

"அண்டைக்குத் திருநாள்தானே..." என்றேன்.

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவரே முடித்துக்கொண்டார். கணேசனின் வேலை அதோடு போயிற்று. பொய் எதுவும் சொல்லவில்லையே என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்... கேட்கிறீர்களா? உறங்கினேன்!

பிறகு ஒரு நாள் அந்தச் சேஞ்சோவரைத் திறந்தேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமாயின் கேளுங்கள். எஞ்சினைத் தானியங்கு நிலையிலிருந்து ஓவ், அதாவது அணைந்த நிலைக்குத் திருப்புங்கள். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள்; இல்லையேல் உங்கள் கை உள்ளேயிருக்கும்போது அது தானாகத் தொடங்கும். மெயினை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். டெஸ்டரை முதலில் உயிருள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பின்னர் சேஞ்சோவரின் எல்லா முனைகளையும் சோதியுங்கள். எங்காவது உயிர் இருந்தால் மூடிவிட்டு, தெரிந்தவரை அழையுங்கள். உள்ளேயிருக்கும் நெம்புகோலைத் திருப்புளியால் தள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருமுனைப் பிளக் வயர் உங்களிடம் இருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள்! வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பாதி ஊர் வைத்திருக்கிறது!

உள்ளே என்ன பழுது இருந்தது தெரியுமா? கண்ணாடிப் பியூஸ் ஒன்று உப்புக்காற்றில் பச்சை பிடித்து எரிந்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்தளவும் இல்லாத பியூஸ்! அதைத் தேடும் பொறுமை இல்லாமல் ஒரு மனிதனின் கையைக் கொடுத்தேன்.

ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனத்தில், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, "பொய் சொன்னேன் சுவாமி" என்பேன். எந்தப் பொய் என்று சுவாமி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்படிப் பெற்ற மன்னிப்புக்கு என்ன பெறுமதி?

சென்ற மாதம் கணேசனின் வீட்டுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார், இடக்கையால். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் ஐயா. மேல நிக்கேக்கை உங்கட எஞ்சின்ர சத்தம் கனத்தது கேட்டது. லோட் எடுத்தால்தானே அப்பிடிக் கனக்கும்."

பிறகு உட்கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்ர மகள் இப்பவும் நான் வெளியில போய் வந்தால் கிட்ட வந்து வாயை மணந்து பாக்கிறவள். எனக்குச் சொல்லி என்ன? தெரியாதவைக்குச் சொல்லுங்கோ."

அவர் மகள் உள்ளேதான் இருந்தாள். தேநீர் கொண்டுவந்து தந்து, "மாஸ்டர் ஐயா, சீனி காணுமோ?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

காணும் என்றேன். அவளிடம் நான் சொன்னது அவ்வளவுதான்...

வாய் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. ஆதலால் இந்த முறை எழுதி, வாக்கியத்தை முடித்திருக்கிறேன்: அன்று திருநாள்தான், ஆனால் கணேசன் சோடா மட்டுமே குடித்தார்.

இதன் ஒரு பிரதி அந்தப் பெண்ணுக்குப் போகிறது. அவள் கிழித்தெறிந்தாலும் குற்றமில்லை. ஆகவே உங்களிடமுள்ள பிரதியைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.