அஞ்சு பாடத்துக்குப் போன மாமி

விருதுநகர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற காவலாளி மாமியைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். "கூட வந்தவுக மரத்தடியில இருங்கம்மா. பரீட்சை எழுதுற புள்ளைய மட்டுந்தான் உள்ள விடுவோம்." மாமி பைக்குள்ளிருந்து நுழைவுச்சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "நானும் எழுதுற புள்ளதான்யா." காவலாளி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். என் சீட்டை நீட்டிக்கொண்டு நானும் மாமிக்குப் பின்னாலேயே நுழைந்தேன்.

மாமி என்றால் என் கணவரின் அம்மா. சாத்தூரில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி விற்கும் கடை எங்களுடையது. பத்தாவதில் கணக்கில் தோற்ற கையோடு எனக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. மகள் ஒண்ணாவது போகத் தொடங்கியபின் அங்கன்வாடி வேலைக்குப் போக ஆசைப்பட்டேன். அதற்குப் பத்தாவது தேற வேண்டும். தனித்தேர்வு எழுதுகிறேன் என்றதும் கணவர், "அம்புட்டு தூரம் தனியா எப்படிப் போவே? சீசன்ல கடையை விட்டுட்டு நான் வர முடியுமா?" என்றார். அடுப்படிக்குத் திரும்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி தலையைத் தூக்காமலேயே மகனிடம் சொன்னார்: "தொணைக்கு நான் போறேன். சும்மா போயி எதுக்கு உக்காரணும்? அவளுக்கு ஒரு பாடந்தான் பாக்கி. எனக்கு அஞ்சும் பாக்கி. நானும் எழுதிட்டு வாறேன்."

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவர் அவர். ஆனால் மத்தியானத் தொழுகை முடிந்ததும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலத்தை உரக்கப் படிப்பார். பேத்தி உச்சரிப்பைத் திருத்தினால், கோபப்படாமல் திரும்பச் சொல்வார்.

கணக்குத் தேர்வன்று வினாத்தாளை வாங்கியதும் எனக்குக் கண் இருட்டியது. பள்ளிக்கூடத்தில் தோற்ற அன்று வந்த அதே பயம். முதல் பக்கத்தில் ஒன்றுமே புரியவில்லை. பேனாவை மூடிவிட்டுப் பாதி எழுந்துவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து மாமியின் குரல் கேட்டது: "சார், எனக்குத் தாள் பத்தலே! இன்னொண்ணு குடுங்க!" கூடமே திரும்பிப் பார்த்தது. மாமியே ஒரு தாளை நிரப்பிவிட்டார், எனக்கென்ன வந்தது? வெட்கத்தோடு உட்கார்ந்து, தெரிந்த வரைபடக் கணக்கில் தொடங்கினேன். அதன்பிறகு கை நிற்கவில்லை.

வெளியே வந்து, "அதுக்குள்ள அம்புட்டா எழுதிட்டீக?" என்று கேட்டேன்.

"எங்கன எழுதுனேன்? மொதத் தாளே வெறுந்தாளாத்தான் கெடந்துச்சு. நீ எந்திரிக்கப் பாத்தே. பரீட்சையில உன்னையப் பேர் சொல்லிக் கூப்புட முடியுமா?"

நான் தேறினேன். மாமிக்கு நாலு பாடம் தேறியது, கணக்கு மட்டும் போயிற்று. நான் அழுதேன். "பாஸான வீட்ல எதுக்கு அழுவுறே? வா, அந்த வரைபடத்தை எனக்குச் சொல்லிக் குடு" என்றார். துணைத்தேர்வுக்கு அவர் உள்ளே போக, இந்த முறை நான் மரத்தடியில் காத்திருந்தேன்.

இன்று அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் எனக்கு வேலை கிடைத்த நாளைவிட, மாமிக்குத் துணைத்தேர்வு முடிவு வந்த நாள்தான் மனசில் நிற்கிறது. வாழ வந்ததிலிருந்து கடைப்படி மிதிக்காதவர், அன்று பட்டப்பகலில் கடைத்தெரு வழியே நடந்துபோய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் டீ சொல்லு" என்றார் மகனிடம்.

லோடு ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், "என்னம்மா விசேசம்?" என்று கேட்டார்.

"பத்தாவது பாஸு."

"யாரும்மா?"

"நான்தான்."

அவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப வடையும் சேத்துச் சொல்லுங்க முதலாளி!"

கணவர் யாரையும் அனுப்பவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தானே போனார். கடை அடைக்கும்வரை மாமி அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.