பந்தியில் ஒரு பாட்டில் பட்டினி

மலேசியாவில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோலா சிலாங்கூர் வரை எந்தக் கோயில் திருவிழா என்றாலும், அண்டா அடுப்பில் ஏறும்போது நவமணி அங்கே நிற்பாள். சமைப்பதில் அவளை மிஞ்ச ஆளுண்டு. பந்தி விசாரிப்பதில் கிடையாது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீட்டுப் பிள்ளைக்கும் லோரி கழுவுகிறவனுக்கும் ஒரே அளவு பாயசம். பந்தி வஞ்சனை செய்த வீட்டில் சோறு தங்காது என்பது அவள் வேதம்.

அப்படிப்பட்டவளின் ஃபிரிட்ஜில்தான் அண்ணன் மகள் விஷாலினி இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தாள். பல்கலைக்கழகத்தில் குளிர்பெட்டி கெட்டுப்போயிருந்தது.

"தென்துருவத்துக் கடல் கிருமி அத்தை. ரெண்டுலயும் ஒரே கிருமிதான், குளிர்லதான் நல்லா வேலை செய்யும். கடல்ல கொட்டுற எண்ணெயத் தின்னும், பிளாஸ்டிக்கக்கூட தின்னும். திங்கக்கிழமை புரொஃபசர்கிட்ட காட்டணும். கெட்டுச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்துதான் லா. தொட்டுறாதீங்க."

"நான் ஏன் தொடுறேன்" என்ற நவமணி, மருமகளின் கார் தெருமுனை திரும்பியதும் தன் பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு பாட்டிலில் கறுப்பு எண்ணெய் மிதந்தது. மற்றதில் வெறும் தண்ணீர்.

அன்று நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று தின்ன, இன்னொன்று பார்த்துக்கொண்டிருப்பதா? அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளி. மறுநாள் காலை மூடியைத் திறந்து, ஒரு கரண்டி செம்பனை எண்ணெயை ஊற்றினாள். மனம் குளிர்ந்தது.

ஞாயிறு மாலை வந்த விஷாலினி ஃபிரிட்ஜைத் திறந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ணெய் இல்லாட்டி என்ன ஆவுதுன்னு பாக்கத்தானே அத்தை அந்த பாட்டில். அது பட்டினி கெடந்தாத்தான் மத்ததோட ஒப்பிட்டுப் பாக்க முடியும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நவமணியின் பந்தியிலிருந்து இதுவரை யாரும் அழுதுகொண்டு எழுந்ததில்லை. வெட்கத்தில் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"பட்டினின்னா யாருக்கும் மனசு கேக்காது பாப்பா. விரதம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கிட்டயே போயிருக்க மாட்டேன்."

விஷாலினி புரொஃபசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடித் தவணையும் பெற்று வந்தாள். குளிர்பெட்டிதான் இன்னும் சரியாகவில்லை. புதுப் பாட்டில்களும் அத்தை வீட்டுக்கே வந்தன. வெறும் தண்ணீர் பாட்டிலில் 'விரதம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

நவமணி படித்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அதன் பக்கத்திலிருந்த மீன் குழம்புச் சட்டியை எடுத்து, சத்தமில்லாமல் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள்.