மூன்று பதில்களும் ஒரு தம்பியும்

கடையில் அவளுக்குப் பெயர் பவர்க்கா. கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில், வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வது அவள் வேலை. மற்றபடி ஒரு நாற்காலியை நகர்த்துவதற்கும் முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

நாள் முழுக்க ஒரே கேள்வி. "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" லென்ஸை மாற்றி மாற்றிச் செருகுவாள். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பரீட்சை எழுதும் பிள்ளையாகிவிடுவார். "ஐயோ, தப்பா சொல்லிட்டேன், பழையதையே போடுங்க" என்பார். "அதுக்கென்ன, எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்று சிரித்தபடி போடுவாள். பொறுமைசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. லென்ஸ் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், துடைத்ததையே துடைப்பாள். கடைசியில் கைப்பேசியை எடுப்பாள்.

அதில் அவள் ஆடுவது விளையாட்டுதான், எட்டிப் பார்க்கிறவர்கள்தான் நம்ப மாட்டார்கள். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, படம்கூட இல்லை. வெறும் எழுத்து. யாரோ உங்களிடம் ஏதோ சொல்வார். கீழே மூன்று பதில்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் அதற்குத் தகுந்த மாதிரி மேலே பேசுவார். பேசிப் பேசியே கதை நகரும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் குட்டிக் கதைகள்.

"என்னக்கா, யாரோட அரட்டை?" என்று லென்ஸ் தேய்க்கிறவன் கேட்பான்.

"செத்துப்போன ஒருத்தரோட வீட்டுக்காரம்மாகூட. நீங்கதான் கொன்னீங்களான்னு கேட்டுட்டிருக்கேன்."

"என்ன சொல்றாங்க?"

"நல்லா மழுப்புறாங்க."

நிஜத்தில் அவளுக்குச் சரியான பதில் உடனே வந்ததே கிடையாது. யாராவது குத்தலாக ஒன்று சொன்னால் வாயடைத்து நிற்பாள், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுவாள். சொல்லியிருக்க வேண்டியது மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது வந்து நிற்கும். விளையாட்டில் அந்த வம்பில்லை. பதில் கண்ணெதிரே இருக்கிறது. தப்பாகத் தொட்டுவிட்டால் ஆரம்பத்துக்குப் போய்விடலாம், எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இதைவிட சுகம் உண்டா?

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு. போகாதே என்று சொல்லத்தான் அவளுக்குத் தோன்றியது. வாயில் வந்ததோ வேறு. "போயேன். உன்ன யாரு கட்டிப்போட்டிருக்கா? எனக்கும் ஒரு சுமை குறையும்." அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அதற்குப் பிறகு "சாவி எங்க", "கதவச் சாத்து" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம். இப்படியே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விடுவானோ என்ற நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்தது.

அந்த வாரம் பார்த்து அவளிடம் சிக்கிய விளையாட்டு, ரயில் நிலையத்தில் தங்கையை வழியனுப்புவது. திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். எதைத் தொட்டாலும் தங்கை ரயிலேறிவிட்டாள். ஆனால் ஒரே ஒரு வழியில் மட்டும் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். பவர்க்கா அந்த வழியில் வந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டாள். நடக்கும்போதும் குளிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வீட்டில் அவன் எதிரே வந்தால் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனே உடைந்த கண்ணாடியோடு கடையில் வந்து நின்றான். பெட்டி கட்டுகிற அவசரத்தில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டானாம். பவர் பார்க்காமல் புதிது போட முடியாது என்று முதலாளி பின்னறைக்கு அனுப்பினார்.

சோதனை பிரேமை அவன் மூக்கில் வைத்தாள். லென்ஸைச் செருகினாள். "இது தெளிவா, முன்னாடி போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் தொண்டையைச் செருமினாள். "உன் கனவு உன்னோடது. நான் குறுக்க நிக்க மாட்டேன். எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். "யாரு எழுதிக் குடுத்தா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஆமா, என் பேச்சு என்னிக்கு உனக்கு ருசிச்சிருக்கு? போ, அங்க போயாவது..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். லென்ஸை உருவி எடுத்தாள். "சரி, இது வேணாம். முதல்லேருந்து வரேன். உன் கனவு உன்னோடது..."

"அக்கா."

"என்ன?"

"இப்ப சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. அன்னிக்குச் சுமைன்னு சொன்னதும் விழுந்துச்சு. நீ மறுபடி ஆரம்பிச்சா அதெல்லாம் அழிஞ்சிடுமா?"

கையில் லென்ஸோடு நின்றாள். மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குடா" என்றாள். "அந்த வீட்டுல நான் தனியா இருந்ததே இல்ல. நீ சந்தோஷமா சொன்னியா, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சுமையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன். ஆனா இவ்வளவு கோவமா பெட்டி கட்டியிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்பக் கோவம் இல்ல. அது இருந்த வரைக்கும் கெளம்புறது சுலபமா இருந்துச்சுக்கா."

அவள் அவன் முகத்திலிருந்து பிரேமைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.