அறிவிப்புப் பலகைக்கு அப்பால் நூறு கெஜம்

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாக்கா மாநிலத்தின் ஒரு பகுதியை அப்போதுதான் வெள்ளைப் பகுதி என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளைப் பகுதி என்றால் ஊரடங்கு இல்லை, அரிசிக் கட்டுப்பாடு இல்லை, தோட்டத்துக் கேட்டில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அதற்கு அப்பால் இருந்த குன்றுகள் கறுப்புப் பகுதியாகவே இருந்தன. கம்யூனிஸ்டுகள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்தின் முடிவு. கோடு எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்கும் யாராவது தெரிவித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் அப்போது அலோர் காஜாவில் குடியிருந்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வயது முப்பது. எந்தப் பாரத்துக்கு எத்தனை படி, எதில் யார் கையெழுத்து, எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எது செல்லாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைக் கல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறையில் எங்காவது நடந்தே போய்வரலாம் என்று சொன்னது என் மனைவி. எங்கள் மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து அவள் தார்ச் சாலையை விட்டு இறங்கி நடந்ததில்லை. இரண்டு நாள் பயணம் என்று முடிவானது. முதல் நாள் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்கள் வழியாக நடந்து, மனைவியின் அண்ணன் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் இரவு தங்குவது. மறுநாள், பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன குளங்களைச் சுற்றிக் குன்றடிவாரம் வரை போய்த் திரும்புவது. எங்களோடு நாயும் வந்தது. இதை நான் எழுதி அனுப்பும் பத்திரிகையின் வாசகர் அனுபவப் பக்கத்தில் யார் பெயரையும் எழுதக்கூடாது என்பது விதி. நாய்க்கு அந்த விதி பொருந்தாது என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் பிஸ்கட். நிறத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர். கழுத்துப் பட்டையில் உரிமம் பெற்றதற்கான பித்தளை வில்லை தொங்கும். ஊரில் பாதி நாய்களுக்கு அது கிடையாது. எனக்கு அதில் ஒரு பெருமை.

நான் ஒரு கோப்பு தயாரித்தேன். அடையாள அட்டைகள், விடுப்புக் கடிதத்தின் நகல், போகும் வழியைத் தட்டச்சு செய்த தாள், நாயின் உரிமம். மனைவி பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேப்பர் இல்லீங்க" என்றாள்.

மறுநாள் காலை தோட்டத்திலிருந்து கிளம்பும்போது அவள் வாழையிலையில் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டாள். சில மாதங்களுக்கு முன்னால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறாள் என்று சொல்லி, அந்தச் சோற்றுக்காக அவளைச் சிறையில் போட்டிருக்கலாம். கேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், யாராவது கூப்பிட்டு மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்களோ என்று. யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் நடந்த நடையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தாள். மகள் நாயோடு முன்னால் ஓடினாள். குளங்கள் பச்சையாகக் கிடந்தன. ஒவ்வொரு குளத்தையும் பிஸ்கட் குடித்துப் பார்த்தது.

கடைசிக் குளத்தின் கரையில் வெள்ளை அடித்த முளைகள் வரிசையாக நட்டிருந்தன. அதுதான் எல்லை. அங்கே ஒரு பலகை. அதற்கு மேல் போகிறவர்கள் எச்சரிக்கையின்றிச் சுடப்படலாம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழ் என்னுடையது. அலுவலகத்தில் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மகளிடம் அதைக் காட்டினேன். "அப்பா எழுதினது" என்றேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பலகைக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிய காவல் சாவடி. அதில் ஒரு மலாய் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மட்டும் இருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். கூட்டாளிக்குக் காய்ச்சல், சாயங்காலம் ஆறு மணிக்கு வேறு ஆள் வரும்வரை தனிதான் என்றார். தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார்; பேச்சின் கடைசியில் மலாய் 'லா' மட்டும் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். மனைவி கொடுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார். நாயிடமிருந்து மட்டும் சற்றுத் தள்ளியே நின்றார். முஸ்லிம்கள் நாயைத் தொட்டால், அதுவும் ஈர நாயைத் தொட்டால், ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த நீரால். நான் பிஸ்கட்டை இழுத்துப் பிடித்தேன். மரியாதை தெரிந்தவன் அல்லவா.

சாப்பிட உட்கார்ந்தபோது நாயின் பட்டையிலிருந்து கையை எடுத்தேன். புதரிலிருந்து ஓர் உடும்பு கிளம்பியது. பிஸ்கட் அதன் பின்னால் முளைகளைத் தாண்டிப் பாய்ந்து லாலான் புல்லுக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் குரைப்பு கேட்டது. பிறகு ஓர் அலறல்.

"பன்றிக் கண்ணி லா" என்றார் கான்ஸ்டபிள். "கம்பியில போட்டது. முன்னாடி யாரோ வச்சது, இன்னும் அப்படியே கிடக்கு. நூறு கெஜம்கூட இருக்காது. கழுத்தா காலான்னு தெரியல."

மகள் எழுந்து ஓடினாள். முளைக்குப் பக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். "அப்பா, அது கூப்பிடுது" என்றாள்.

கான்ஸ்டபிள் எங்கள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஐயா, நான் போஸ்ட்டை விட்டு வர முடியாது. நீங்க போங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் பட்ரோல் இல்ல, எனக்குத் தெரியும். பத்து நிமிஷம். நான் குளத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

"அனுமதி இல்லாம எப்படி தம்பி?"

"நான்தானே சொல்றேன்."

"வாயால சொன்னா செல்லாது" என்றேன். "எழுதிக் கொடுக்க முடியுமா?"

அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "எழுதவா? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், ஐயா. நீங்க எழுதுங்க, நான் போடுறேன்."

நான் கோப்பைத் திறந்தேன். கரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். இன்ன நபர், இன்ன அடையாள அட்டை எண், இன்ன காரணத்துக்காக, இத்தனை நிமிடங்களுக்கு. ஒரு வாக்கியம் சரியில்லை என்று அடித்துத் திருத்தினேன். அலறல் நின்று முனகலாகியிருந்தது. கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மணல் மூட்டையின் மேல் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரைப் போட்டார்.

வாங்கிப் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எல்லை தாண்ட அனுமதி தரும் அதிகாரம் சாவடிக் காவலருக்கு இல்லை. மாவட்ட அளவில் ஒருவர் கையெழுத்து வேண்டும், போலீசுக்கு ஒரு நகல் போக வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அந்தத் தாள் செல்லாது. செல்லாத தாளோடு உள்ளே போய்ப் பிடிபட்டால் வேலை போகும். நான் அவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தாள் இல்லாமலே போங்க லா, ஐயா" என்றார்.

என் மனைவி எழுந்து வந்தாள். "நீங்க எழுதின போர்டுதானேங்க. நீங்க தாண்டினா உங்களையா சுடப்போகுது? இல்லன்னா இவளைப் பிடிங்க, நான் போறேன்."

அவளையும் விடவில்லை. அங்கே சுடுவார்கள் என்று பயந்தேன் என்றுதான் பல ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லிவந்தேன். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் பயந்தது துப்பாக்கிக்கு அல்ல. என் பதவி நிரந்தரமாவதற்கான பரிந்துரை அந்த மாதம் மேலே போயிருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்று பயந்தேன்.

"நாளைக்கே மனு போடறேன்" என்றேன். ஏழு வயதுக் குழந்தையிடம் அப்படித்தான் சொன்னேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டாவது குளம் வரை முனகல் கேட்டது. அதற்கப்பால் கேட்டதா, நான் கேட்காமல் நடந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. சோற்று மூட்டை கரையிலேயே கிடந்தது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் மனு போட்டேன், மூன்று படிகளில். "காணாமற்போன உரிமம் பெற்ற வளர்ப்பு விலங்கை மீட்பதற்காக" என்று தலைப்புக் கொடுத்தேன். குறை சொல்ல முடியாத மனு. எட்டாம் நாள் கையெழுத்தாகி வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை. அந்த எட்டு நாளும் மகள், பள்ளி இல்லாவிட்டாலும், காலையில் எழுந்து என் அலுவலகப் பையைத் திறந்து தாள் வந்ததா என்று பார்ப்பாள். படிக்கத் தெரியும் அல்லவா, அவளுக்கு.

ஒன்பதாம் நாள் தனியாகப் போனேன். சாவடியில் அதே கான்ஸ்டபிள். தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இப்ப எதுக்கு, ஐயா" என்றார்.

நாய் மாட்டிக்கொண்ட அன்றே, ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்ததும் அவர் உள்ளே போயிருக்கிறார். தாள் எதுவும் இல்லாமல். கம்பி கழுத்தில்தான் இறுகியிருந்தது. பிஸ்கட் செத்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. "உடம்பு சூடு இருந்துச்சு" என்றார். அதைச் சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல வேறு பக்கம் பார்த்தார். கம்பியைத் தளர்த்தி, அந்த இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். குழந்தை திரும்பி வந்தால் பார்க்கக்கூடாது என்று. பிறகு குளத்துக்கு வந்து, சேற்றைக் கரைத்து ஒரு தடவை, வெறும் நீரில் ஆறு தடவை கழுவிக்கொண்டாராம். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, வீட்டில் அம்மா திட்டினார் என்பதற்காகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சிகரெட்டுத் தாளில் சுற்றிய எதையோ எடுத்துக் கொடுத்தார். பித்தளை வில்லை. அதையும் கழுவியிருந்தார்.

"பாப்பாகிட்ட ஓடிப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றார்.

அப்படியே சொன்னேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கம்பியில மாட்டியிருந்துச்சுப்பா. எப்படி ஓடும்?" என்றாள். அழவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. புத்தகம், செருப்பு, பிறகு மேல்படிப்பு, பிறகு கல்யாணம், எல்லாம் அம்மா வழியாகத்தான் வந்தன. இப்போது தூர தேசத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் மரியாதையாகப் பேசுவாள், அங்கே மழையா வெயிலா என்று சொல்வாள். அம்மா இறந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. நாய் மட்டும் அவள் வீட்டில் எப்போதும் ஒன்று இருக்கும்.

பதவி நிரந்தரமானது. சிவப்புக் கோடு ஒன்றுகூட விழாமல் ஓய்வு பெற்றேன். அந்தக் கான்ஸ்டபிளை மறுபடி தேடிப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் எந்த மாதிரிப் படிவமும் இருக்கவில்லை.

அந்தப் பழைய கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு அனுமதித் தாள்கள். ஒன்று முத்திரையும் எண்ணும் கொண்டது, எல்லா வகையிலும் செல்லுபடியாகக்கூடியது, ஒன்பதாம் நாள் யாரும் கையில் வாங்காமல் திரும்பி வந்தது. மற்றொன்றில் என் கையெழுத்தில் நான்கு வரி, ஓர் அடித்தல் திருத்தல், அதன் கீழே எழுதத் தெரியாத ஒருவர் சிரமப்பட்டுப் போட்ட பெயர். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உண்மையான அனுமதி அது ஒன்றுதான், அதைப் படித்துப் பார்த்துச் செல்லாது என்று முடிவு செய்தவனும் நான்தான் என்பதை, முனகல் கேட்கும் தூரத்தைத் தாண்டி இன்னும் போக முடியாதவனாக, தினமும் நினைத்துக்கொள்கிறேன்.