சாம்பல் கரைக்கப் போன நாள்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்குக் கிட்ட ஒரு கடற்கரையில் நடந்தது இது. அம்மா இறந்து மூன்றாம் நாள். சாம்பலை ஒரு மண் முட்டியில் எடுத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, நானும் அண்ணையும் கடலில் கரைக்கக் கொண்டு போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்க்குக் கடைசி மகன்தான் கிரியை செய்ய வேண்டும். அந்தக் கடைசி மகன் நான். அப்போது ஐம்பத்தெட்டு வயது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மானிப்பாயில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவன். சமுத்திர நீரோட்டங்களைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நீந்த மட்டும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சின்ன வயதில் நாங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தாலே அம்மா வீட்டுக்குள்ளிருந்து கத்துவார். தண்ணீரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான்.

சாம்பல் கரைப்பதில் ஒரு முறை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீருக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி நின்று, முட்டியைத் தலைக்கு மேலால் பின்பக்கம் எறிய வேண்டும். எறிந்தவர் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். கூட வந்தவர்களும் முட்டி விழும் சத்தம் கேட்டதும் கடலைப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அன்று கடல் குளம்போலக் கிடந்தது. பயப்பட எந்தக் காரணமும் தெரியவில்லை.

நன்றாகத் தூரம் போய் விழட்டும் என்று ஒரு காலைப் பின்னால் வைத்து எறிந்தேன். பின்னால் நிலம் இல்லை. வள்ளங்கள் கரைக்கு வந்து போவதற்காக அந்தக் கரைகளில் பாறையை வெட்டி ஆழமாக்கி வைத்திருப்பார்கள். அதை 'வான்' என்பார்கள். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அது என் காலடியில் இருந்தது மட்டும் தெரியவில்லை.

மூழ்குகிறவன் கையை ஆட்டிக் கத்துவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கத்துவதற்கு மூச்சு வேண்டும். தலை மேலே வந்த இரண்டு தடவையும் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருந்தது, அதிலும் பாதி உப்புத் தண்ணீர். வேட்டி கால்களைச் சுற்றிக்கொண்டது. முதல் தடவை வந்தபோது அண்ணையின் முதுகைக் கண்டேன். முறை தவறாமல், தலையைக் குனிந்தபடி, கரையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கையில் ஏதோ பட்டது. எட்டிப் பிடித்தேன். அம்மாவின் முட்டி. அது தண்ணீர் நிரம்பி என்னோடு சேர்ந்து கீழே போனது. அப்படி அதைப் பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தடவை வந்தேனா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் 'தொப்'பென்று ஒன்று விழுந்தது. கயிறு கட்டிய மண்ணெண்ணெய்க் கான், வெறுமையான வெள்ளைப் பிளாஸ்டிக் கலன்.

"ஐயா, கானைப் பிடியுங்கோ! மேல ஏறப் பாக்காதேங்கோ, நெஞ்சோட அணைச்சுப் பிடியுங்கோ!"

குரல் கேட்டு அண்ணை திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். அவர் ஓடி வந்து கடலில் குதிக்கப் போயிருக்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனவர் மற்றக் கையால் அவரை மறித்தாராம்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை!"

"அப்ப இறங்காதேங்கோ. வந்து கயித்தை இழுங்கோ."

அண்ணைக்கு அறுபத்தாறு வயது. இழுத்தார்.

மணலில் கிடந்து குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்து முடிந்த பிறகுதான் அந்த மனிதரை ஒழுங்காகப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். சற்றுத் தள்ளியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர். எப்படிக் கண்டீர்கள் என்று அண்ணை கேட்டார்.

"சாம்பல் கரைக்க ஆக்கள் வந்தால் நான் வலையைக் கீழ வைச்சிடுவன். நீங்கள் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்தானே."

கானும் கயிறும் அதற்கென்றே அங்கே கிடப்பவையாம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த உறவினர்களுக்கு நான் பிழைத்தது ஒரு செய்தி. அண்ணை கடலைத் திரும்பிப் பார்த்தது அதைவிடப் பெரிய செய்தி. குற்றமா, பரிகாரம் உண்டா என்று பேச்சுப் போனது. கோயில் காரியங்களில் ஒரு மயிரிழை பிசகாதவர் அண்ணை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் அம்மாவைப் பாக்கேல்லை, தம்பியைத்தான் பாத்தனான்" என்றார்.

அடுத்த மாதமே நீச்சல் வகுப்புத் தேடிப் போனேன். கடலோரத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஞாயிறு காலைகளில் ஆழமில்லாத கடலில் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். படிவத்தில் வயது ஏழு முதல் பதினாறு என்று போட்டிருந்தது. படிவம் தந்த பயிற்றுநர் பெண் என்னிடம் புவியியல் படித்தவராம்.

"ஆருக்கு சேர், பேரப்பிள்ளைக்கோ?"

"எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு இன்னொரு தடவை முழுப் புள்ளி போடலாம். "பெரியாக்களுக்கு வகுப்பு இல்லை சேர்" என்றார். ஏன் என்று கேட்டேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி பெரியவர்களுக்கு வகுப்பு என்று ஆனது. முதல் ஞாயிறு நான் மட்டும். மூன்று கிழமையாக, மூன்று ஞாயிறும், நீந்தவே விடவில்லை. மூச்சை விடு, மல்லாந்து மித, அவ்வளவுதான். கழுத்தை விறைப்பாக வைத்திருப்பவன் மிதக்க மாட்டான். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் எடுத்தது. தங்கள் வகுப்புக்கு நேரத்தோடு வந்துவிடும் பத்து வயதுப் பிள்ளைகள் கரையில் வரிசையாகக் குந்தியிருந்து, "சேர், வயித்தை மேல தூக்குங்கோ!" என்று பாடம் எடுத்தார்கள். முப்பது வருடம் மற்றவர்களை எழுப்பி நிறுத்தியதற்கு இது கிடைக்க வேண்டியதுதான்.

அண்ணை குடையோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது கிழமை குடையை மடித்து வைத்துவிட்டு இறங்கினார். பிறகு ஒரு தபால்காரர், வாழைத் தோட்டக்காரர் ஒருவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். ஒருநாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டா: "உங்களுக்குத்தான் கடலோ? எங்களுக்கு எப்ப வகுப்பு வைக்கப் போறியள்?" சனிக்கிழமை காலையில் பெண்களுக்கென்று அதே பயிற்றுநர் தொடங்கினார். யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒரு முஸ்லிம் தாயும் மகளும், முழுக்கை உடுப்போடு, முதல் பஸ்ஸில் வந்து சேர்வார்களாம். இப்போது மனைவி என்னைவிட நேரம் மிதக்கிறா. அதை அடிக்கடி எனக்கு நினைவுபடுத்துகிறா.

தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி விரத நாள். இந்த வருடம் அன்று காலை அதே கரைக்குப் போனேன். அந்த மீனவர் வள்ளத்தில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் முட்டியோடு வந்து இறங்கியது. அவர் இரண்டு கையிலும் கிறீஸ். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கானைக் கண்ணால் காட்டினார்.

"ஐயா, ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ."

கயிற்றை எடுத்துக்கொண்டு முதலில் முட்டியைச் சுமந்து வந்தவரிடம் போய், எந்தப் பக்கம் வான் இருக்கிறது என்று காட்டினேன். பிறகு கரைக்கு வந்து நின்றேன். அவர் இடுப்பளவுக்குப் போய் முதுகு காட்டி எறிந்தார். சத்தம் கேட்டதும் அவருடைய ஆட்கள் எல்லோரும் தலையைக் குனிந்தபடி என்னைக் கடந்து போனார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கடைசி அடியை எடுத்துக் காய்ந்த மணலில் வைக்கும்வரை நான் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று எனக்காக ஒரு மனிதர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு முழுவதாக விளங்கியது.