வாசலைப் பார்த்த புகைக்குழாய்

என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்ததற்கு நான்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள டீசல் புகை வருதா?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளையும் அகல் விளக்குகளையும் வெளியூர்க் கடைகளுக்கு ஏற்றிப்போகும் சின்ன லாரி என்னுடையது. சரக்கு எங்கள் முன்னறையில் அடுக்கியிருக்கும். உடையும் பொருள் என்பதால் ரெண்டடி கூடத் தூக்கி நடக்க மனசு வராது. தினமும் காலையில் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கத்தை வாசலோடு ஒட்டி நிறுத்துவேன். பேட்டரி பழசு. அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டபடியே பெட்டிகளை ஏற்றுவேன். இப்படிப் பதினாறு வருஷம். ஒரு பொம்மையில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன் என்று கடைக்காரர்களிடம் நல்ல பேர் வேறு.

டாக்டர் கேட்ட மறுநாளே புது பேட்டரி வாங்கினேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினேன். அதுவும் மனசுக்குப் போதவில்லை. அந்தக் கிழட்டு எஞ்சின் தெருமுனையில் நின்றும் புகைந்தது, என் சட்டையிலும் அந்த நாற்றம் வீடு வரை வந்தது. வண்டியையே சி.என்.ஜி. கேஸுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பட்டறையில் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைத்தார்கள். பிஸ்டன் தலையைக் கடைந்து குறைத்தார்கள். கேபினுக்குப் பின்னால் ரெண்டு சிலிண்டர் ஏறியது. இழுவை குறைந்துதான் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து, புகைக்குழாய் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, கறுக்காத துணியை அவளிடம் காட்டினேன். சிரித்தாள். கல்யாணத்தன்று கூட எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

கேஸ் கிடைத்தது வேப்பூர் பக்கம் ஒரே ஒரு பங்க்கில். விடிவதற்குள் போனால்தான் வரிசையில் இடம். பாதியில், "பிரஷர் இல்லீங்க, டேங்கர் வரணும்" என்பார்கள். முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கி நிற்கும், நகர வழியிருக்காது. திரும்பப் பத்து மணியாகும். மகளைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். காலை நேரம் முழுக்க என் மனைவி வீட்டில் தனியாகக் கிடந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, வரிசையில் நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"தம்பி, அவளுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. எங்க இருக்கீங்க?"

"ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. இதோ வரேன்."

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏதாவது பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. டேங்கர் வந்துவிட்டது, எனக்கு முன்னால் ஏழு வண்டிதான். நின்று, கேஸ் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கினாள்.

"முன்னல்லாம் இந்நேரத்துக்கு வூட்லதான் இருப்பீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை.

அன்று சாயங்காலம் போய்விட்டாள். அந்த ஏழு வண்டிக்காக ஏன் நின்றீர்கள் என்று மகள் இதுவரை என்னைக் கேட்கவில்லை.